சுரங்கக் கழிவு: கட்டட மணலாகுமா, நிலத்துக்கு நஞ்சாகுமா?

2019 ஜனவரி 25ஆம் திகதி, பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலுள்ள புருமாடின்யோவில் இரும்புத்தாதுச் சுரங்கமொன்றின் கழிவு அணைக்கட்டு உடைந்தது. ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் கனமீற்றர் சேறு பாய்ந்ததில் 270 பேர் உயிரிழந்தனர். பலியானோரில் அநேகர் சுரங்கத் தொழிலாளர்கள். 2015 நவம்பரில் அதே மாநிலத்தின் மரியானாவிலும் இத்தகைய அணை உடைந்து 19 பேர் பலியாகியிருந்தனர்.

தாதுக்கல்லை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சும் நீர் கலந்த நுண்துகளை அணைகட்டித் தேக்குவது வழமை. உடைந்த இரு அணைகளும், கொட்டிய கழிவின் மீதே அடுத்த படியை எழுப்பும் மலிவான முறையில் கட்டப்பட்டவை. இம்முறையைப் பிரேசில் 2019இல் தடைசெய்தது.

மணலுக்கு மாற்று

உலகம் ஆண்டுதோறும் சுமார் 5,000 கோடி தொன் மணலையும் சரளையையும் பயன்படுத்துகிறது. இதற்காக ஆறுகளும் கரையோரங்களும் தோண்டப்படுகின்றன. மறுபுறம், மினாஸ் ஜெராய்ஸ் இரும்புத்தாதுக் கழிவில் பெரும்பகுதி சிலிக்கா. எஞ்சிய இரும்பையும் மிக நுண்ணிய சேற்றையும் நீக்கி, பருமன்வாரியாகப் பிரித்தால் அது கொங்கிரீட்டுக்கும் வீதி அமைப்புக்கும் உகந்த மணலாகிறது. சுரங்க நிறுவனமான வாலே, கழிவிலிருந்து கட்டடக் கற்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையை 2020இல் இட்டாபிரிட்டோவில் திறந்தது. குயீன்ஸ்லாந்து, ஜெனீவா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட அறிக்கை இதனைத் 'தாது மணல்' எனக் குறிப்பிட்டது.

தோண்டிய குழிக்கே திரும்புதல்

நிலக்கீழ்ச் சுரங்கங்களில் கழிவுடன் சிறிதளவு சீமெந்தைச் சேர்த்துப் பசையாக்கி, குழாய்கள் வழியே வெற்றிடங்களுக்குள் செலுத்துகின்றனர். அது இறுகியதும் அயற்பாறையைத் தாங்குகிறது. ஆயினும் அரைத்த கல் முன்னைவிட அதிக இடம் பிடிப்பதால் முழுக் கழிவையும் உள்ளே அனுப்ப இயலாது.

மறக்கக்கூடாத பாடம்

எல்லாக் கழிவும் மணலல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள கிராண்ட் ஜங்ஷன் நகரில், யுரேனிய ஆலைக் கழிவு 1950களிலும் 60களிலும் நிலம் நிரப்பவும் அத்திவாரமிடவும் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. அதிலிருந்து கசிந்த ரேடன் வாயு வீடுகளுக்குள் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான காணிகளில் அரச செலவில் கழிவை அகற்ற நேர்ந்தது.

பைரைட் போன்ற சல்பைட்டுக் கனிமங்கள் உள்ள கழிவு, காற்றும் நீரும் பட்டால் அமிலத்தைச் சுரக்கும். ஆர்சனிக், ஈயம் முதலியன நிலத்தடி நீரில் கலக்கலாம். எனவே ஒவ்வொரு சுரங்கத்தின் கழிவும் தனித்தனியே கனிம, கசிவு, கதிரியக்கச் சோதனைகளுக்கு உட்படவேண்டும்.

போக்குவரத்துச் செலவு மற்றொரு தடை. மணல் விலை குறைந்த, பாரமான பொருள். தூரம் கூடினால் இலாபம் கரைந்துவிடும். ஆகவே கட்டுமானத்துக்கு மணல் தேவைப்படும் ஊர்களுக்கு அண்மையில் உள்ள சுரங்கங்களிலேயே இது முதலில் கைகூடும். அங்கும் சோதனை அறிக்கையைப் பார்த்த பின்னரே முதல் லொறி புறப்பட வேண்டும்.