கிராடக் ஏன் திரும்பவில்லை?

பிள்ளைகளே, 1914-ல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஜெர்மன் அட்மிரல் ஸ்பீயின் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல் அது. மீதிப் படையை எதிர்கொண்டவர் பிரிட்டிஷ் ரியர் அட்மிரல் கிறிஸ்டோபர் கிராடக். 1875-ல் சிறுவனாகக் கடற்படையில் சேர்ந்தவர். சீனாவின் டாக்கு கோட்டைச் சண்டையில் பெயர் எடுத்தவர்.

நவம்பர் 1, சிலி நாட்டுக் கொரோனல் கடல். அவருடைய குட் ஹோப், மான்மத் இரண்டும் பழைய கப்பல்கள். மாலுமிகளில் பலர் ரிசர்வ் ஆட்கள். பெரிய பீரங்கியுள்ள கனோபஸ் வேகம் போதாமல் வெகுதூரம் பின்தங்கிவிட்டது. ஜெயிக்க முடியாதென்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஆகஸ்டில், தன்னைவிட வலுவான கோபென் கப்பலைத் தாக்காமல் விட்ட டிரூபிரிட்ஜை விசாரணைக்கு இழுத்திருந்தார்கள். அந்தக் கதி தனக்கு வரக்கூடாதென்று கிராடக் கடிதம் எழுதியிருக்கிறார்.

மேற்கே சூரியன் இறங்கியதும் பிரிட்டிஷ் கப்பல்கள் கறுப்பு உருவங்களாகத் தெரிந்தன. ஜெர்மானியருக்கு அது போதும். இரண்டு கப்பலிலும் சுமார் 1,600 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஜெர்மன் தரப்பில் காயம் மூன்று பேருக்கு.

கனோபஸை விட்டுவிட்டுப் போனது அவர் தப்பு என்று பிறகு சர்ச்சில் எழுதினார். குழப்பமான தந்திகளை அனுப்பியது லண்டன்தானே! என் கணக்கில் பெரிய பங்கு அங்கேதான்.

டிசம்பர் 8-ல் ஃபாக்லாந்து அருகே ஸ்பீயும் மூழ்கினார். அவருடைய இரண்டு மகன்களும் அன்றே போனார்கள்.