கம்பைனின் வாலில் மாட்டிய கருவி

டெல்லிப் புகை என்றதும் பஞ்சாப் விவசாயியைத் திட்டுகிறோம். எனக்கோ கம்பைனின் பின்பக்கம்தான் ஞாபகம் வருது. கம்பைன் நெல்லை அடித்து எடுத்துக்கொண்டு, வைக்கோலைப் பின்னால் நீளவாக்கில் கொட்டிவிட்டுப் போகும். நிலத்தடி நீரைக் காக்க வந்த 2009 சட்டம், ஜூன் 10-க்கு முன் நெல் நடக்கூடாது என்றது. அறுப்பும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் மிச்சம். தீக்குச்சியை விட மலிவாக வேறென்ன இருக்கு?

கொளுத்தாமலே விதைக்க, லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய உதவியோடு ஹேப்பி சீடரை உருவாக்கியது. ஆனால் அந்த வைக்கோல் குவியலில் அது அடைத்துக்கொண்டது. அதற்குத் தீர்வாக வந்ததுதான் சூப்பர் எஸ்.எம்.எஸ். பழைய கம்பைனிலும் பின்னால் மாட்டிக்கலாம்; வைக்கோலை நறுக்கி வயலெங்கும் தூவிவிடும். 2018-ல் பஞ்சாபில் கட்டாயமாக்கினார்கள்.

சிக்கல் என்னன்னா, அதுவும் கம்பைனின் எஞ்சினில்தான் ஓடணும். டீசல் கூடும், வேகம் குறையும். கம்பைன்காரருக்கோ ஏக்கருக்கு இவ்வளவு என்றுதான் வாடகை. சீசனும் சில வாரம்தான். செலவு அவருக்கு, பலன் அடுத்து விதைக்கிறவருக்கு. மாட்டி வைத்தும் ஓடவிடாமல் அறுக்கிறவர்கள் உண்டு.