கண்டி மலைநாட்டில் சம்பள நாள்

உழைக்கும் நாள் ஒன்று. உழைப்புக்குரிய ஊதியம் கைக்கு வரும் நாள் மற்றொன்று. இவ்விரண்டு நாட்களுக்கும் உள்ள தூரம் தொழிலாளியின் வாழ்வை எவ்வளவு பாதிக்கும் என்பதற்குக் கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களின் வரலாறே தக்க சான்றாகும்.

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசியின் விலையும் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. சம்பளமோ பல மாதங்கள் நிலுவையில் நின்றது. அதற்கிடையே உப்புக்கும் துணிக்கும் தொழிலாளி கங்காணியிடமே மீண்டும் கடன்பட்டான். இவ்வாறு சம்பளம் பிந்தப் பிந்தக் கடன் முந்தியது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, நொடித்துப்போன தோட்டங்களில் உழைத்தவர் பலர் ஊதியத்தை இழந்தனர். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டிய தேயிலைக் காலத்தில், சம்பளத் தவணை அரசின் கவனத்துக்கு வந்தது.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுக்க வேண்டுமென விதித்தது. இதன் பொருள் யாது? ஜனவரி முதலாந் திகதி வேலைக்குச் சேர்ந்தவன், மார்ச் இறுதிவரை முதற் சம்பளத்தைக் காணாமல் இருந்தாலும் சட்டம் மீறப்பட்டதாகாது. மூன்று மாத உழைப்பு முதலாளியின் கையில். மூன்று மாதச் செலவு தொழிலாளியின் தலையில்! கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் செல்லவிடாத ‘துண்டு’ முறையும் அவனைக் கட்டிப்போட்டது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அறுபது நாட்களைப் பத்து நாட்களாகச் சுருக்கியது. 1941இல் வந்த சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் ஒரு மாதத்தை மிஞ்சலாகாது. மாதக் கணக்கானால் பத்து நாட்களுக்குள்ளும், வாரக் கணக்கானால் மூன்று நாட்களுக்குள்ளும் ஊதியம் கொடுபட வேண்டும்.

ஆகவே, ஜனவரி 20ஆந் திகதி மாதக் கணக்கில் வேலைக்குச் சேரும் ஒருவர், பெப்ரவரி 10ஆந் திகதிக்குள் பெறுவது ஜனவரியில் உழைத்த சில நாட்களின் ஊதியத்தை மட்டுமே. பெப்ரவரி உழைப்பின் பயன் மார்ச் மாதத்தில் வரும். முதற் சம்பளம் குறைந்திருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. ஆனால், கணக்கு எந்நாளில் முடிகிறது, பணம் எந்நாளில் வருகிறது, என்னென்ன கழிக்கப்படுகிறது என்பவற்றைச் சேரும் அன்றே கேட்டறிதல் வேண்டும். அந்த விடையை அறியாமலே முன்னோர் பலர் கடனில் மூழ்கினர். அறுபது நாள் பத்து நாளாவதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன என்பதை நினைப்பவருக்குச் சம்பளத் திகதியின் அருமை விளங்கும்.