ஐயரில்லாக் கல்யாணம்

ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதியைப் பார்த்ததும் அவர்களுக்குள் அவ்வளவு பிரியம் என்று சொல்லிவிடுகிறோம். விலக வழியே இல்லாதபோது அந்த ஐம்பது ஆண்டு எதற்குச் சாட்சி? உள்ளே இருந்தது ஆசையா, சகிப்பா, வேறொருவர் மேல் வைத்த நினைப்பா என்பது அவர்களோடே மண்ணுக்குள் போய்விடும். 1928 மே மாதம் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த முதல் சுயமரியாதைத் திருமணத்தைப் புரோகிதரை விலக்கிய நிகழ்ச்சியாகவே நாம் பேசிவருகிறோம். என் கணக்கில் அது பாதிக் கதைதான். தம்பதியின் விருப்பத்தைச் சபையில் பேசும் பொருளாக்கியதே அதைவிடப் பெரிய காரியம்.

அந்தக் கல்யாணம் நடந்த வட்டாரத்தையும் பார்க்க வேண்டும். கோயில் நுழைவுக்காக நாடார்கள் நடத்திய போராட்டம் 1899இல் சிவகாசிக் கலவரத்தில் போய் முடிந்தது. மதிப்புத் தேடிய நாடார் குடும்பங்கள் பூணூல் போட்டுக்கொண்டன, கல்யாணத்துக்குப் பிராமணப் புரோகிதரை அழைத்தன. முப்பதே ஆண்டில் அதே வட்டாரத்தில் புரோகிதர் வேண்டாம் என்ற குரல் எழுந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நாடார் மகாஜன சங்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும், பிடிக்காத மணவாழ்க்கையை விட்டு விலகும் உரிமையும் அங்கே தீர்மானங்களாயின. 1931இல் மூன்றாவது மாநாடு அதே வட்டாரத்து விருதுநகரிலேயே நடந்தது. உழைக்கும் சாதிகள் பலவற்றில் தாலியை அறுத்துவிட்டு வேறொருவரை மணக்கும் அறுத்துக்கட்டும் வழக்கம் முன்பே உண்டே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் அங்கே முடிவு பஞ்சாயத்தின் கையில் இருந்தது. சாதி அந்தஸ்து ஏற ஏற அந்த வழக்கமே இழிவாகவும் பார்க்கப்பட்டது. செங்கல்பட்டுத் தீர்மானமோ அதைத் தனிமனிதரின் உரிமை என்றது. போகலாம் என்றிருக்கும்போது இருப்பவர்தான் விரும்பி இருக்கிறார்.

புரோகிதரில்லாமல் மாலை மாற்றியதால் வீட்டுக்குள் என்ன மாறிவிட்டது என்பது கனமான கேள்வி. பெரும்பாலான சுயமரியாதைத் திருமணங்களும் சாதிக்குள்ளேயே நடந்தன. சமையலறை பெண்ணிடமே இருந்தது. சடங்கை மாற்றுவது சுலபம், புருஷனை மாற்றுவது அப்படியல்ல! சட்டமும் உதவவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. 1955இல் இந்து திருமணச் சட்டம் மணவிலக்கு உரிமை தந்தபோது ஒரு விபரீதம் நேர்ந்தது: சட்டத்தின் கண்ணில் திருமணமே ஆகாதவர் எதை ரத்து செய்யக் கேட்பார்? விலகும் உரிமையை முதலில் கேட்டவர்களுக்கே அது எட்டாமல் போனது. அண்ணா அரசு 1967இல் நிறைவேற்ற, அடுத்த ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லும் என்றது. 1928இல் மாலை மாற்றியவர்களுக்குச் சட்டப்படி கல்யாணமாக நாற்பது ஆண்டு பிடித்திருக்கிறது.

ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடும்பத்துக்கு அஞ்சும் ஜோடியை ஊரறிய அறிவிக்கச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றது. இன்று ஒரு வழக்கறிஞர் நண்பராக நின்று சாட்சி சொன்னாலும் அந்தக் கல்யாணம் செல்லும்.