எருவே செல்வம்

பன்றி வளர்ப்பு என்றதும் முகம் சுளிப்போர் நம்மில் பலர். நானும் ஒரு காலத்தில் அவர்களுள் ஒருவனே. டென்மார்க் நாட்டு உழவர் வரலாற்றைக் கற்றபின் என் எண்ணம் மாறிற்று.

1870-களில் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளில் வந்து குவிந்தது. தானியம் விற்று வாழ்ந்த டேனிய உழவர் கலங்கினர். ஆயினும் நிலத்தைக் கைவிட்டாரல்லர். விலைபோகாத தானியத்தைக் கால்நடைக்கு ஊட்டினர். 1882-இல் மேற்கு யூட்லாந்தின் யெடிங் என்னும் சிற்றூரில் முதற் கூட்டுறவு வெண்ணெய்ச் சாலை தோன்றிற்று. வெண்ணெய் இங்கிலாந்துக்குச் சென்றது. வெண்ணெய் எடுத்த பாலோ உழவரிடமே திரும்பிப் பன்றிகளுக்கு உணவாயிற்று. பன்றியின் எரு வயலுக்கு உரமாயிற்று. வயல் மீண்டும் தீவனம் ஈந்தது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. வீண் என்பது அங்கில்லை.

1887-இல் ஜெர்மனி டேனியப் பன்றிகளின் இறக்குமதியைத் தடுத்தது. அவ்வாண்டே ஹோர்சென்ஸ் நகரில் உழவர் தமக்கெனக் கூட்டுறவு இறைச்சிச் சாலை நிறுவி, உப்பிட்ட இறைச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பினர்.

கதை இத்துடன் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறு பண்ணைகள் அருகின, பெருங்கொட்டில்கள் பெருகின. வயல் ஏற்கும் அளவை மீறிய எரு நீர்நிலைகளைக் கெடுத்தது. நீர்நிலைகளைக் காக்க 1987-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனித் திட்டமே வகுக்க நேர்ந்தது. செல்வமாயிருந்த எருவே சுமையாயிற்று.

மாணவ நண்பர்களே, பன்றியாயினும் பசுவாயினும் ஆடாயினும், எத்தனை வளர்க்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டுவது சந்தையன்று, நிலமே. இதுவே அச்சிறு நாட்டின் வரலாறு எனக்குக் கற்பித்த பாடம்.