அணைக்கட்டின் கீழே ஓர் ஆறு: கொலராடோவின் ட்ரவுட் மீன்பிடி

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிளென் கன்யன் அணைக்கட்டுக்கும் லீஸ் ஃபெரிக்கும் இடைப்பட்ட கொலராடோ ஆற்றுப்பகுதி புகழ்வாய்ந்த ட்ரவுட் மீன்பிடித்தலமாகும். அங்கு நீர் தெளிந்தும் குளிர்ந்தும் ஓடுகின்றது. ஆயினும் அத்தெளிவு இயற்கையின் கொடையன்று.

‘கொலராடோ’ எனும் ஸ்பானியச் சொல் செந்நிறத்தைக் குறிப்பதாகும். பெயருக்கேற்பச் செஞ்சேற்றைச் சுமந்து, கோடையில் வெதுவெதுப்பாக ஓடிய ஆறு அது. 1963 ஆம் ஆண்டில் அணையின் வாயில்கள் மூடப்பட்டதும் சேறு பவல் நீர்த்தேக்கத்தில் தங்கியது. அதன் ஆழத்திலிருந்து குளிர்நீரே வெளியேறியது. மறு ஆண்டிலேயே வானவில் ட்ரவுட் மீன்கள் அங்கு விடப்பட்டன.

தூண்டிலாளர் பெற்ற இப்பேற்றுக்கு ஆற்றின் பழங்குடி மீன்கள் விலைகொடுத்தன. பைக்மினோ கிராண்ட் கன்யனிலிருந்து மறைந்தது. கூன்முதுகுச் சப் மீன் 1967 இல் அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காக்கும் பொருட்டு, 2003 முதல் 2006 வரை, சிறிய கொலராடோ ஆறு வந்து கலக்குமிடத்தை அண்டிய பகுதியில் ட்ரவுட் மீன்கள் பிடித்து அகற்றப்பட்டன. விரும்பி வளர்த்ததையே களைய நேர்ந்தது.

வரலாற்றின் முரண் அத்துடன் முடியவில்லை. 2000 ஆம் ஆண்டின் பின் நீடித்த வரட்சியால் நீர்த்தேக்கம் தாழ, மேற்பரப்பின் வெப்பநீர் அணையைக் கடந்து வெளியேறலாயிற்று. 2022 இல் சிறுவாய்ப் பாஸ் எனும் இரைகௌவி மீன் அணைக்குக் கீழே இனம்பெருக்கக் காணப்பட்டது. சப் மீனின் வளர்ச்சியைத் தடுத்த அதே குளிர்நீர், அதன் பகைவரையும் தடுத்து நின்றமை அப்போது புலனாயிற்று.

அணையொன்று நீரை மாத்திரம் தடுப்பதில்லை. ஆற்றில் எவ்வுயிர் வாழலாம் என்பதையும் தீர்மானிக்கின்றது. அத்தீர்மானத்தின் பொறுப்பு அணையைக் கட்டிய மனிதனையே சாரும்.