நெட்டலைக்குத் திரும்பியவர்கள்



பழைய வானொலிப் பெட்டியின் முகப்பில் சிற்றலை, மத்திய அலை என்று இரு வரிசை எண்கள் இருந்ததை நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த அலைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பயன்படாது என்று ஒதுக்கித் தரப்பட்டதை வைத்தே சாதித்தவர்களின் வரலாறு அது.

கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறுநுனியை மெல்ல ஆட்டினால் நீண்ட வளைவுகள் உண்டாகும். விரைந்து ஆட்டினால் குறுகிய வளைவுகள் உண்டாகும். வானொலி அலையும் அவ்வாறே. ஆட்டத்தின் வேகம் அதிர்வெண். வளைவின் நீளம் அலைநீளம். அதிர்வெண் குறையக் குறைய அலை நீளும்.

நம் நாட்டிற்கு முதல் வானொலிக் கருவி 1921ஆம் ஆண்டில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஜொகூர் பாருவில் மின்சார ஆய்வாளராக இருந்த ஏ. எல். பர்ச். அடுத்த ஆண்டில்தான் நம் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. பர்ச் அமைத்த ஜொகூர் சங்கம் 300 மீட்டர் அலையிலும், கோலாலம்பூர்ச் சங்கம் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து 325 மீட்டர் அலையிலும் ஒலிபரப்பின. ஆகவே மலாயாவில் முதலில் ஒலித்தது அரசாங்க நிலையமன்று. ஆர்வத்தினால் கூடிய தனி மனிதர்களின் நிலையமே.

வெளியுலகிலோ வேறொரு நிலை. நெடிய அலைகளைக் கப்பல்களும் படைகளும் பெரிய நிறுவனங்களும் தமக்கென வைத்துக்கொண்டன. 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், வானொலி ஆர்வலர்களை 200 மீட்டருக்கு மேற்படாத அலைகளுக்குள் தள்ளியது. அவை தொலைவுக்குச் செல்லமாட்டா என்பதே அன்றைய எண்ணம். நடந்ததோ வேறு. 1923 நவம்பரில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆர்வலர்கள் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொடர்பு கொண்டனர். மேல்வானிலுள்ள அயனி மண்டலம் சிற்றலையைத் திருப்பி அனுப்புவதே காரணம். ஒதுக்கப்பட்ட அலையின் அருமை தெரிந்ததும் அரசுகளும் நிறுவனங்களும் அதை நாடி வந்தன. 1932 டிசம்பரில் லண்டன் பி.பி.சி. கடல் கடந்த நாடுகளுக்கான ஒலிபரப்பைச் சிற்றலையில் தொடங்கியது.

அந்த அலையே பின்னர் நம் பேராக்கில் உயிருக்கு ஆபத்தானது. ஜப்பானியர் ஆட்சியில் வானொலிப் பெட்டிகளின் சிற்றலைப் பகுதியை அகற்றும்படி கட்டளை பிறந்தது. உள்ளூர் மத்திய அலையைக் கேட்கலாம். வெளியுலகைக் கேட்கக் கூடாது. ஈப்போவை அடுத்த பாப்பானில், இலங்கைத் தமிழ் மருத்துவர் ஒருவரின் மனைவியான சிபில் கார்த்திகேசு, வானொலியை மறைத்துவைத்து பி.பி.சி. செய்தி கேட்டார். காட்டுப் போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1943இல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். வீரத்திற்காக ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948இல் காலமானார். எந்த அலை யாருக்கு என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காலம் மாறியது. நெட்டலையின் பழைய நிலையங்கள் பல மூடப்பட்டன. ஆயினும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கடல் நீருக்குள்ளும் ஓரளவு இறங்கும். அதனாலேயே இந்தியக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப, திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்தில் 1990இல் கட்டபொம்மன் பெயரால் ஒரு நிலையம் அமைத்தது. ஆர்வலர்களும் நெட்டலையைக் கேட்டுப் பெற்றனர். உலக வானொலி மாநாடுகள் 2007இல் 136 கிலோஹெர்ட்ஸ் அருகிலும், 2012இல் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் அவர்களுக்குச் சிறு இடம் அளித்தன.

ஆனால் அவர்களிடமுள்ள டிரான்சீவர், அதாவது அனுப்பவும் வாங்கவும் வல்ல கருவி, பெரும்பாலும் சிற்றலைக்கென்றே செய்யப்பட்டது. அதை எப்படித் தாழ்ந்த அதிர்வெண்ணுக்குக் கொண்டுவருவது? ஒரு கழித்தல் கணக்குதான். கருவி 10,136 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கட்டும். தனியே ஒரு படிகம் 10,000 கிலோஹெர்ட்ஸ் தரட்டும். இரண்டையும் ஒரு கலப்பியில் சேர்த்தால் வித்தியாசமான 136 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். வேண்டாதவற்றை வடிகட்டி, வேண்டியதைப் பெருக்கினால் போதும்.

உண்மையான சிரமம் ஏரியல் கம்பியில் இருக்கிறது. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 2,200 மீட்டர். அதன் கால் பங்கே 550 மீட்டர்! நம் பால்மரத்தைப்போல் இருபது மடங்குக்கு மேல் உயரம் வேண்டும். ஆகவே கட்டக்கூடிய அளவுக்குக் கம்பி கட்டி, அதன் அடியில் பிளாஸ்டிக் வாளியிலோ வடிகால் குழாயிலோ நூற்றுக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பிச் சுருளைச் சேர்க்கிறார்கள். சுருள், குட்டையான கம்பியின் குறையை ஈடுசெய்கிறது. ஆயினும் மின்சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். அலையாக வெளியேறுவது ஒரு வாட்டுக்கும் குறைவாக இருக்கலாம். அதனால் மோர்ஸ் குறியின் ஒரு புள்ளியை மூன்று வினாடி, அதற்கும் மேலாக நீட்டி அனுப்புகிறார்கள். கணினி அதைத் திரையில் காட்டுகிறது. நம் பகுதிக்கு இன்னொரு தடையும் உண்டு. மாலை நேர இடிமின்னலின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் மிகுதி.

ஓர் எச்சரிக்கை. அத்தகைய சுருளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் எழும். தேர்வெழுதி உரிமம் பெற்றவர்களே, அனுமதிக்கப்பட்ட அலையில் மட்டும் ஒலிபரப்பலாம். கேட்பதிலிருந்து தொடங்குவதே நல்லது.

பெரியோர் வேண்டாமென்று விட்ட அலையில் ஆர்வலர்கள் உலகைச் சுற்றினார்கள். பின்பு உலகம் மறந்த அலைக்கும் உயிர் கொடுத்தார்கள். கையிலிருந்த கம்பியும், விடாத முயற்சியும், தெளிவாகக் கற்ற கணக்குமே அவர்களின் முதல். அந்த முதல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் எட்டாததன்று.